அன்றாட வாழ்வில் தாழ்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு சபையின் வேதபாட வகுப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தாழ்மையைப் பற்றிய பாடம் வரும்போது வகுப்பில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து கேட்பார்கள்: "அண்ணே, ஆபீஸ்ல இது எப்படி நடக்கும்?", "எங்க மாமியாரோட இருந்து பாத்தா தெரியும்." அப்படி அடிக்கடி வரும் கேள்விகள் இவை. வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதலிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

தாழ்மை என்றால் என்னை நானே மட்டம் தட்டிக்கொள்வதா?

இல்லை. ரோமர் 12:3-இல் பவுல், தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ணச் சொல்கிறார். உள்ளதற்கு மேல் நினைப்பது தெளிவில்லை என்றால், உள்ளதற்குக் கீழே நினைப்பதும் தெளிவில்லைதான். அருமையாகப் பாடுகிற ஒருவர் "எனக்கு என்னங்க பாடத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசுவாரா என்று காத்திருந்தால், அப்போதும் அவர் மனம் தன்னைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எண்ணாகமம் 12:3 மோசேயைப் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது. அந்த வசனம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கூடப்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். அவர் தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. மிரியாமைக் குஷ்டம் பிடித்ததும் அவளுக்காகக் கர்த்தரை நோக்கிக் கெஞ்சுகிறார். இதே மனிதர்தான் பார்வோன் முன் நின்று "என் ஜனங்களைப் போகவிடு" என்ற கர்த்தருடைய வார்த்தையைச் சொன்னவர். தனக்கென்று வரும்போது அமைதி, அடுத்தவருக்கென்று வரும்போது தைரியம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அதைத்தான் வேதம் சாந்தகுணம் என்கிறது.

தாழ்மை இருக்கிறதா இல்லையா என்பதை நம் பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கிற ஆளிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அது தெரியும். கீழே வரும் பல பதில்கள் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

யாராவது பாராட்டினால் என்ன சொல்வது? "கர்த்தருக்கே மகிமை" என்று சொன்னால் போதுமா?

மனதிலிருந்து வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் வருவதாக இருந்தால் "ரொம்ப சந்தோஷம், நன்றிங்க" என்பதே போதும். கூடவே உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று 1 கொரிந்தியர் 4:7 கேட்கிறது. அதற்கு உண்மையான பதில் பெரும்பாலும் ஒரு டீச்சர், ஒரு அம்மா, ஒரு பழைய கொயர் மாஸ்டர் என்று யாராவது ஒருவரின் பெயராகத்தான் இருக்கும்.

ஓஎம்ஆரில் ஐடி வேலை. வருஷா வருஷம் அப்ரைசலில் என் சாதனைகளை நானே எழுத வேண்டும். இது பெருமை ஆகாதா?

ஆகாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுதுவது உங்கள் கடமை. செய்த வேலையைச் செய்ததாக எழுதுங்கள். எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு "எனக்கு யாரும் எதுவும் செய்யல" என்று ஆறு மாதம் மனதுக்குள் புழுங்குவதில் ஆவிக்குரிய லாபம் எதுவும் இல்லை.

சோதனை வேறு இடத்தில் வருகிறது. அந்த ரிலீஸுக்காக ராத்திரி கண்விழித்த ஜூனியர் பெண்ணின் பெயர் உங்கள் படிவத்தில் இருக்கிறதா? டீம் செய்ததை "நாங்கள்" என்று எழுதினீர்களா, "நான்" என்று எழுதினீர்களா? தப்பு நடந்த நாளில், கிளையன்ட் லைனில் இருக்கும்போது, யார் பெயரைச் சொன்னீர்கள்? பிலிப்பியர் 2:4 "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்கிறது. அப்ரைசல் படிவத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

பவுல் இந்தத் தாழ்மைப் பகுதியைப் பிலிப்பியருக்கு எழுத ஏதாவது காரணம் உண்டா?

அதை ஏன் எழுதினார் என்று பவுல் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் பிலிப்பி என்ற அந்த ஊரைப் பற்றித் தெரிந்தால் வசனம் வேறு மாதிரி காதில் விழும். கி.மு. 42-இல் அங்கே பெரிய போர் நடந்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றி அதை ரோமக் குடியேற்ற நகரமாக்கினார்கள். குடியுரிமை, பட்டம், பதவி எல்லாம் அங்கே பெரிய விஷயம். யார் எந்தப் பதவி வகித்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிலுவைமரணமோ அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. கண்ணியமான வீடுகளில் பேசக்கூடக் கூசுகிற பொருள் அது.

அப்படிப்பட்ட ஊரில் இருந்த விசுவாசிகளிடம் போய், தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தார் என்று பவுல் எழுதுகிறார். வாசிக்கக் கேட்ட பழைய படைவீரர் ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாமும் கல்யாணப் பத்திரிகையில் மாமா, சித்தப்பா பெயர்களுக்குப் பின்னால் டிகிரியும் உத்தியோகமும் விடாமல் அச்சிடுகிறவர்கள். அந்த நிருபம் சென்னைக்கும் சரியாகவே பொருந்துகிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நான் மரியாதையாகத்தான் பேசுகிறேன். அதற்கு மேல் என்ன?

மரியாதையாகப் பேசுவது நல்லது. அதற்கு மேலும் நிறைய இருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்குத் தாழ்மை தினமும் பரீட்சை எழுதுகிற இடம் அடுக்களைதான்.

அவருக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது? அது தனியாக ஜன்னலோரம் கவிழ்த்து வைத்த டம்ளரா? களைத்து வந்தால் நாற்காலியில் உட்காரலாமா, தரையில்தானா? காலையில் ஐந்து வீட்டில் வேலை செய்கிறவர் உங்கள் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தலாமா? பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட், அல்லது லிஃப்டே கிடையாது என்று விதி போடுகிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் அது வந்தபோது, அங்கே இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் என்ன பேசின?

யோபு தன் நேர்மையைப் பற்றிப் பேசும் 31-ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதி இருக்கிறது (13 முதல் 15 வரை). வேலைக்காரனோ வேலைக்காரியோ தன்னோடு வழக்காடும்போது அவர்கள் நியாயத்தைத் தான் அசட்டை செய்திருந்தால், தேவன் விசாரிக்கும்போது தான் என்ன பதில் சொல்ல முடியும் என்று அவர் கேட்கிறார். என்னைத் தாயின் கர்ப்பத்தில் உண்டாக்கினவர்தானே அவர்களையும் உண்டாக்கினார் என்கிறார். வேலைக்கு வருகிறவர் நம்மோடு வழக்காடலாம் என்பதை யோபு எடுத்தவுடனே ஒப்புக்கொண்டுவிடுகிறார். நம் வீடுகளில் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் "வாய் நீளுது" என்கிறோம்.

ஓய்வுநாளைப் பற்றி உபாகமம் 5:14 சொல்லும் காரணத்தையும் வாசியுங்கள். நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டளை. நாம் ஞாயிறு காலை ஆராதனையில் இருக்கும் நேரத்தில் நம் வீட்டுப் பாத்திரத்தை யார் துலக்குகிறார்? டிசம்பர் 25 அன்று விருந்தாளிகள் வருவார்கள் என்று அன்றைக்கும் அவரை வரச் சொல்கிறோமே, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டிகை கிடையாதா?

செய்யக்கூடியவை எளியவை. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. சொன்ன தேதியில் சம்பளம். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் ஒரு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்ய அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் கண்ணீரோடு ஜெபித்துத் தீர்மானம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த வாரமே செய்துவிடலாம்.

அவமானப்படுத்தினாலும் பொறுத்துக்கொண்டு போவதுதான் தாழ்மை என்று சொல்கிறார்களே?

யார், யாரிடம் அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். கணவனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம், மேஸ்திரி சம்பளம் தராமல் ஏமாற்றிய தொழிலாளியிடம், குரல் எழுப்பத் தெரியாத மருமகளிடம்தான் இந்தப் போதனை அதிகமாகப் போகிறது. அடிக்கிறவனிடம் "தம்பி, தாழ்மையாய் இரு" என்று எத்தனை பேர் போய்ச் சொல்கிறோம்? ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவரை இன்னும் குனியச் சொல்வதற்குத் தாழ்மை என்ற பெயரை வைக்கக்கூடாது. மரியாள் பாடிய பாட்டில் பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள், தாழ்மையானவர்கள் உயர்த்தப்படுகிறார்கள் (லூக்கா 1:52).

இயேசுவைப் பிரதான ஆசாரியன் முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பவுலும் அப்படித்தான். பிலிப்பி நகரத்தில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது அவர் மறுத்தார். நாங்கள் ரோமர், வெளியரங்கமாய் அடித்தவர்கள் இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). அதிகாரிகள் வந்து வேண்டிக்கொண்டார்கள். தாழ்மையைப் பற்றிய அந்தப் பெரிய பகுதியைப் பவுல் பின்னாளில் எழுதியது இந்த ஊர்க்காரர்களுக்கே.

ஆகவே வீட்டில் அடி நடந்தால் அதைச் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2005 முதல் இருக்கிறது. சபையில் நம்பிக்கையான ஒரு அக்காவிடமாவது சொல்லுங்கள். போதகர் "ஜெபித்துப் பொறுத்துக்கொள் மகளே" என்று மட்டும் சொன்னால், இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

வாட்ஸாப் குரூப்பில் ஒருவர் குத்தலாகப் பேசினார், கல்யாண வீட்டில் நம்மை முன்வரிசைக்குக் கூப்பிடவில்லை என்பது போன்றவை வேறு. அவற்றை விட்டுவிடலாம். விட்டுவிட்டால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

சபைக்குள் ஜாதி பார்க்கிறார்களே, அதைத் தாழ்மையோடு சேர்த்துப் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். பிறப்பினால் நான் மேல் என்ற எண்ணத்தைத் தொடாமல் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தால் அது பாதிப் பிரசங்கம்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனியாக உட்காருவதும் நற்கருணைக்குத் தனித்தனியாக வருவதும் அப்போது பல சபைகளில் வழக்கமாக இருந்தன. கடிதத்தை ஏற்க மனமில்லாமல் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இயேசுவின் பந்தியில் யாருக்குப் பின்னால் யார் பாத்திரத்தில் குடிப்பது என்பதற்காக விசுவாசிகள் பிரிந்து போனார்கள் என்பதை நம் வாலிபர் கூட்டங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்றைக்குச் சென்னையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஆனால் பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா?" என்று கேட்கிறோம். கமிட்டித் தேர்தலில் எந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுகிறோம். ஒருவரின் சொந்த ஊரைக் கேட்கும் கேள்விக்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கலாத்தியர் 3:28 நமக்கு மனப்பாடம். அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தைத்தான் நாம் அதிகம் வாசிப்பதில்லை. அந்தியோகியாவில் பேதுரு, புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தன் ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். சாப்பாட்டுப் பந்தியை விட்டு எழுந்துபோனது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதம் என்று பவுல் பார்த்தார்.

உங்கள் பிள்ளையின் வரனுக்கான விளம்பரத்தில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். அதைவிட நேரடியான பயிற்சி இந்த விஷயத்தில் கிடையாது.

உபவாச ஜெபத்தில் இருப்பதை ஸ்டேட்டஸ் போடலாமா?

வேண்டாம். மத்தேயு 6:16 முதல் 18 வரை ஒருமுறை வாசித்தால் இதில் சந்தேகம் வராது. சபைக்கு நேரமும் இடமும் தெரிவிக்கும் அறிவிப்பு என்றால் அது வேறு.

ஆலயத்துக்கு ஃபேன், பெஞ்ச் வாங்கிக் கொடுத்தால் பெயர் எழுதலாமா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போட்டிபோட்டு எடுப்பது சரியா?

ஃபேன் இறக்கையில் பெயர் எழுதுவது நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். இறந்துபோன அம்மாவின் நினைவாக ஒரு பெஞ்ச் கொடுத்து அதில் அம்மாவின் பெயரை எழுதுகிற மகனை நான் குறை சொல்லமாட்டேன். அது துக்கமும் நன்றியும் கலந்த காரியம். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதைத்தான் "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனம் நிறுத்துகிறது. கொடுங்கள், பெயர் வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் கொஞ்சம் உறுத்தும்.

ஏலம் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் பல மடங்கு விலைக்குப் போவதில் சிறுபிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆனால் மைக்கில் பெயரையும் தொகையையும் திரும்பத் திரும்ப அறிவிக்கும்போது, தன் வீட்டு முருங்கைக்காயை ஒரு கட்டு கொண்டுவந்து வைத்த விதவைத் தாயின் முகத்தையும் பாருங்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு கவனித்துச் சொன்னது இரண்டு காசு போட்டவளைத்தான். ஏலம் எடுத்த பொருளை அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் பரவினால் நன்றாக இருக்கும்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்கள். போதகரைக் கேள்வி கேட்பது அகந்தையா?

அந்த வசனம் சங்கீதம் 105:15. கொஞ்ச ஜனமாய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தாரை ராஜாக்கள் துன்புறுத்தாதபடி தேவன் காத்ததைப் பற்றி அது பேசுகிறது. பலவீனரைப் பலவான்களிடமிருந்து காக்கச் சொன்ன வார்த்தையை, கணக்குக் கேட்பவர் வாயை அடைக்கப் பயன்படுத்துவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம். அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜாவான தாவீதிடம் நாத்தான் போய் "நீயே அந்த மனுஷன்" என்றார். பவுல் சொன்னது சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்கிறது.

கேட்கும் விதத்தில் தாழ்மை வேண்டும். தனியாகப் போய், மரியாதையாக, சொல்வதைக் கேட்கிற மனதோடு கேளுங்கள். போஸ்டரில் தன் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு இயேசுவின் பெயரைக் கீழே சிறிதாகப் போடுகிற ஊழியர் கேள்வியை விரும்பமாட்டார். அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

உதவி வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுத்தே பழகிவிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இதை நிறைய குடும்பங்களில் பார்த்தோம். பல ஆண்டுகள் மற்றவர்களுக்குக் கொடுத்துப் பழகியவர்கள், கழுத்தளவு தண்ணீரிலிருந்து படகில் வந்து, முகம் தெரியாதவர் கையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினார்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் அதே நிலை. சிலருக்குப் பசியைவிட அந்தக் கை நீட்டல்தான் கஷ்டமாக இருந்தது.

கொடுப்பவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார். வாங்கும்போது அந்தப் படி போய்விடுகிறது. பேதுரு "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று சொன்னது கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. இயேசு அதை ஏற்கவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார் (யோவான் 13:8). பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பாத்திரத்தில் உடனே எதையாவது நிரப்பித் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் அவசரப்படாதீர்கள்.

ஏழைகளுக்கு உதவப் போகும்போது மனதில் "நான் பெரியவன்" என்ற எண்ணம் வருகிறது. எப்படித் தவிர்ப்பது?

வருகிறது என்று உங்களுக்குத் தெரிகிறதே, அது நல்லது. இந்தக் கேள்விக்கு வி.எஸ்.அசரியா 1910-இலேயே வழி காட்டியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ.வில் ஊழியம் செய்தவர். 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகள் நிறைந்த அவையில், அவர் எழுந்து பேசினார். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவையில் பலருக்கு அது சுட்டது. தியாகம் செய்தவர்களைப் பார்த்தே அவர் அப்படிச் சொன்னார்.

நாம் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ கிறிஸ்துமஸ் சமயத்தில் புடவையும் பிரியாணியும் எடுத்துப் போகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அங்கே யாருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? ஜனவரியில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிட்டால் போவோமா? அவர்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தோமா? நண்பராக இருந்தால் இதெல்லாம் தானாக நடக்கும். "தாழ்மையானவர்களுக்கு இணங்குங்கள்" என்று ரோமர் 12:16 சொல்வதும் இப்படிக் கூட இருப்பதைத்தான். போட்டோவை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

போகாது. பிள்ளைக்கு நீங்கள் செய்தது தப்பு என்று ஏற்கெனவே தெரியும். "அப்பா கோபத்துல அடிச்சுட்டேன், தப்புடா" என்று சொல்லும்போது உங்கள் வீட்டில் உண்மை பேசலாம் என்பதை அது தெரிந்துகொள்கிறது. "ஆனா நீயும்..." என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் கூடச் சேர்க்காதீர்கள்.

பெரிய வியாழனில் கால் கழுவுவது வெறும் சடங்காகிவிட்டதோ?

சடங்கு நமக்குத் தேவை. கை செய்வதை மனம் மெதுவாகப் பின்தொடரும். யார் காலைக் கழுவுகிறோம் என்பதில்தான் யோசனை வேண்டும். 2013-இல் போப் பிரான்சிஸ், பதவிக்கு வந்த சில வாரங்களில், ரோம் நகரத்துச் சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்த 12 இளையோரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். நம் ஆலயங்களில் பெரும்பாலும் கமிட்டி அங்கத்தினர்களே முன்வரிசையில் உட்காருகிறார்கள், வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழுவிய காலோடு. நம் தெருவில் குப்பை வண்டி தள்ளுகிறவரை, ஆலயத்தைப் பெருக்குகிற அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைக்கலாம். அதற்கு முன் அவர்களுக்கு அதில் விருப்பமா என்று கேட்க வேண்டும். காட்சிப்பொருளாக்கிவிட்டால் அது இன்னொரு அவமானம்.

சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று குடும்பத்துக்குள்ளேயே வாக்குவாதம். எங்களுக்குத்தானே சத்தியம் தெரியும்?

கதீட்ரல் ரோடு வழியாகப் போகும்போது செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) அங்கேதான் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஒன்றாயின. பேச்சுவார்த்தை தொடங்கியது 1919-இல், தரங்கம்பாடியில். 28 ஆண்டுகள் பிடித்தன. பேராயர்களே வேண்டாம் என்றிருந்தவர்கள் பேராயர்களை ஏற்றார்கள். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் ஆயரே இல்லை என்றிருந்தவர்கள், மற்ற சபை ஆயர்களை மறுபடி அபிஷேகம் செய்யாமலே அப்படியே ஏற்றார்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்கு மிக அருமையான ஒன்றை விட்டுக்கொடுத்தது. அதற்காகப் பாடுபட்ட அசரியா 1945 ஜனவரி 1 அன்று, அதைக் காணாமலே இறந்தார்.

பெரிய சபைகளால் அது முடிந்தது. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் மச்சானின் ஞானஸ்நானத்தைப் பற்றிய பேச்சை நம்மால் ஒருமுறை விட்டுவிட முடியும். அவர் சபைக்கு ஒருநாள் கூடப் போய் உட்கார்ந்துவிட்டும் வரலாம்.

தாழ்மைக்காக ஜெபித்தால் தேவன் அவமானத்தைக் கொடுத்துப் பழக்குவார் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

இப்படிச் சொல்லிப் பயமுறுத்துவதை நிறுத்த வேண்டும். மீனைக் கேட்டால் பாம்பைக் கொடுக்கிற தகப்பன் அல்ல அவர் (லூக்கா 11:11). "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று இயேசு சொன்ன அதே வசனத்தில்தான் ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும் என்றும் சொல்கிறார் (மத்தேயு 11:29). எப்போதும் நம்மை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாரம் இறங்குவது இளைப்பாறுதல்தானே. தைரியமாகக் கேளுங்கள்.

முப்பது வருஷம் சண்டே ஸ்கூல் நடத்தினேன். இப்போது வாலிபர்கள் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். மனசு தாங்கவில்லை.

உங்கள் வலி நியாயமானது. முப்பது வருஷம் சாதாரணமல்ல. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களும் இதையே சொல்கிறார்கள். நேற்றுவரை எழுந்து நின்றவர்கள் இன்றைக்குப் பேருந்தில் இடம்கூடத் தருவதில்லை என்கிறார்கள். யோவான் ஸ்நானகனின் சீஷர்கள் எல்லாரும் இயேசுவினிடம் போகிறார்களே என்று வந்து சொன்னபோது, "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்றார் யோவான். தன் சந்தோஷம் சம்பூரணமாயிற்று என்றும் அதே மூச்சில் சொன்னார் (யோவான் 3:29, 30).

அந்த வாலிபர்களோடு ஒருமுறை உட்கார்ந்து, கேட்காமல் மாற்றியது வருத்தமாக இருந்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டாம். பிறகு பீரோ சாவியையும், வருகைப் பதிவேட்டையும், ஃப்ளானல் படங்கள் இருக்கும் பழைய டப்பாவையும் கொடுத்துவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எழுத்து வராது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதையும் சொல்லிவையுங்கள். அவர்கள் நடத்தும் முதல் வகுப்புக்குப் பிஸ்கட் பாக்கெட்டுகளை நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.